மல்காஜ்கிரியில் ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

ராஜ்யசபை உறுப்பினர் ஐசக் துரைராஜின் வெளிநாட்டு அனுபவம், பத்து வருஷங்களுக்கு முன் ஜெனீவாவில் நடந்த ஒரு தொழிலாளர் மாநாட்டுக்குப் போய், நான்கு நாளும் சளி பிடித்து ஓட்டல் அறையில் படுத்திருந்ததில் தொடங்குகிறது. சளி ஒரு வாரத்தில் போய்விட்டது. அனுபவம் மட்டும் நிலைத்துவிட்டது. செகந்திராபாத்தில் எந்த மேடை ஏறினாலும் “நான் ஜெனீவாவில் இருந்தபோது” என்றுதான் ஆரம்பிப்பார். அந்த ஒரு வாக்கியத்தின் பலத்திலேயே டெல்லியில் வெளிவிவகாரம் பற்றிய ஒரு குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று அவருடைய மனைவி யூனிஸ் சொல்வாள். அவள் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கும் என்பதால் அவர் அதைக் கேட்காதவர் போல் இருந்துவிடுவார்.

எண்பத்தேழாம் வருஷம் நம்முடைய பட்டாளம் கடலைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, துரைராஜுக்கு நல்ல காலம் பிறந்தது. செகந்திராபாத் பட்டாளத்து ஊர். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் மூன்று தலைமுறையாக வேரூன்றிய ஊர். இரண்டுக்கும் பொதுவான ஒரே எம்.பி. அவர்தான். தமிழ்ச்சபை மண்டபத்தில் பேசும்போது, “நம் இரத்தத்தின் இரத்தங்களைக் காக்கப் போயிருக்கிறார்கள்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருமலகிரியில் சிப்பாய்களின் மனைவிமார்கள் முன்னால், நம் ஜவான்கள் ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் புறாவும் வைத்திருப்பதாக இந்தியில் சொன்னார். இரண்டு கையும் நிறைந்துவிட்டால் குண்டு வரும்போது எதைக் கீழே போடுவது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ரோட்டரி சங்கத்தில் ஆங்கிலத்தில் பிராந்திய ஸ்திரத்தன்மை பற்றி முழங்கினார். டெல்லிக் குழுவில் மட்டும் வாயே திறக்கவில்லை. அங்கே எல்லோருக்கும் ஏதாவது தெரிந்திருக்கும் என்ற பயம்.

அக்டோபருக்குப் பிறகு பேச்சுகள் கொஞ்சம் குறைந்தன. காக்கப் போன இடத்தில் சுடச்சுடச் சண்டை நடப்பதாகப் பத்திரிகையில் வந்தது. துரைராஜ் பேச்சிலிருந்து புறாவை எடுத்துவிட்டார். வேறெதையும் மாற்றவில்லை.

எண்பத்தெட்டு பிப்ரவரியில் ஒரு நாள் காலை, மாரேட்பள்ளியில் இருந்த அவருடைய வீட்டுக்கு தேவசகாயம் வந்தார். லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மல்காஜ்கிரியில் வீடு. ஒரே சபையைச் சேர்ந்தவர் என்றாலும் அவர் பின்வரிசை, துரைராஜ் முன்வரிசை. கூடவே இளைய மகன் எட்வர்டும் வந்திருந்தான். பதினெட்டு நிறைய இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தகப்பனைவிட ஒரு சாண் உயரம்.

“ஸ்தோத்திரம் சார்.”

“வாங்க பிரதர், உட்காருங்க.”

“நிக்கிறேன் சார். ஒரே விசயம்தான்.” தேவசகாயம் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று மடிப்பில் கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. “பெரியவன் டேவிட்சன், உங்களுக்குத் தெரியும். கிறிஸ்மஸ் நாடகத்துல யோசேப்பா நின்னானே. பட்டாளத்துல லான்ஸ் நாயக். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினாங்க. நவம்பர்ல இந்தக் கடுதாசி வந்துச்சு. காணலை, விசாரணை நடக்குதுன்னு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. போஸ்ட்மேன் எங்க தெருவுல நுழைஞ்சா என் சம்சாரம் எலிசபெத் கதவைச் சாத்திக்கிறா.”

“அடடா.” துரைராஜ் ஒரு கையை அவருடைய தோளில் வைத்தார். தோளில் கைவைப்பதில் அவருக்கு இணை இல்லை.

“இது ரெண்டாவது. சின்னவனும் பட்டாளத்துல தேறிட்டான். மார்ச் இருபத்தொண்ணு ஜபல்பூருக்கு வரச்சொல்லி வந்திருக்கு. வயசு நிறையலன்னு தகப்பன் கையெழுத்து கேக்குறாங்க.” அந்த இடம் வெறுமையாக இருந்தது. “பெரியவன் உசுரோட இருக்கான்னா சொல்லுங்க சார், இவன் போகட்டும். போயிட்டு வரட்டும். பெரியவன் இல்லன்னா, இவன் நக்கோ சார், போக வேணாம். நாச்சாரத்துல ஒரு கம்பெனில அப்ரெண்டிஸா எடுத்துக்கறேன்னு சொல்றாங்க. நட்டு போல்ட்டு திருகிட்டு எங்க கண்ணு முன்னால கிடக்கட்டும்.”

“கைக்கு டாடி இதெல்லாம்? அண்ணா ஆயேகா. ஷூர்” என்றான் எட்வர்ட். எதற்கு இதெல்லாம், அண்ணன் நிச்சயம் வந்துவிடுவான் என்கிறான்; வீட்டில் தமிழில் கேட்டு, வாய்க்கு வந்த பாஷையில் பதில் சொல்லும் பிள்ளை.

“நீ சும்மா இருடா. சார், எங்களுக்குச் சமாதானம் சொல்ல வேணாம். அது சபை ஐயர் சொல்லிட்டாரு. இருக்கான், இல்ல. இந்த ரெண்டுல ஒண்ணு. நீங்க டெல்லில கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொன்னபடி நான் செய்றேன்.”

துரைராஜுக்கு உண்மையிலேயே மனசு கரைந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்ட மனிதராக இருந்திருந்தால் அன்றைக்கே “என்னால் ஆகாது” என்று சொல்லியனுப்பியிருப்பார்; ஒரு குடும்பம் பிழைத்திருக்கும்.

“கட்டாயம் கேட்டுச் சொல்றேன் பிரதர். இது என் வீட்டுப் பிள்ளை விஷயம்” என்றார். உள்ளே திரும்பி, உதவியாளர் உலகநாதனிடம், “இதை நோட் பண்ணிக்கோங்க. ஒரு பதில் போட்டுடுங்க” என்றார்.

உலகநாதன் நோட் பண்ணிக்கொண்டார்.

*

டெல்லியில் அவர் பார்த்த அதிகாரியின் பெயர் பத்மநாபன். மயிலாப்பூர்க்காரர். அறையில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம்கூட ரகசியமாக இருந்தது. துரைராஜ் டேவிட்சனின் பட்டாள நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டு ஜெனீவாவைப் பற்றி ஆரம்பித்தார். பத்மநாபன் ஒரு ஃபைலை வரவழைத்துப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

“பையன் அக்டோபர்லயே போயிட்டான் சார்.”

துரைராஜ் தேநீரை மேஜைமேல் வைத்தார்.

“கூட இருந்த ஒருத்தன் பார்த்திருக்கான். சந்தேகமே இல்லை. பாடிதான் கிடைக்கலை.”

“அப்போ வீட்டுக்குச் சொல்லலாமே? தாயார் தினம் கதவைச் சாத்திக்கறாங்க.”

“சொல்லலாம். ஆனா இந்த மாதிரி இது ஒண்ணு மட்டும் இல்லை. ஒரு வீட்டுக்குச் சொன்னா இன்னொரு வீட்ல கேப்பாங்க. எல்லார்க்கும் சொன்னா லிஸ்ட் ஆயிடும். லிஸ்ட் ஆனா எண்ணிக்கை வந்துடும். பார்லிமென்ட் செஷன் நடக்கறது. அந்தப் பக்கம் பேச்சுவார்த்தையும் நடக்கறது. செஷன் முடியட்டும், ஒவ்வொண்ணா அனுப்பிடுவோம். சாகறது அக்டோபர்லயா மே மாசத்துலயாங்கறது செத்தவனுக்கு ஒண்ணுதானே.”

“எண்ணிக்கை வந்தா என்ன?”

“எண்ணிக்கை வந்தா அடுத்த கேள்வி, யார் சுட்டான்னு வரும். யாரைக் காப்பாத்தப் போனோமோ அவாதான்னு சொல்லணும். அதுக்கு அடுத்தது, அப்போ எதுக்குப் போனோம்னு வரும்.” பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு எங்ககிட்ட பதில் இல்லை சார். பதில் இருந்தா நாங்களே சொல்லியிருப்போமே. ரகசியம் ரகசியம்னு எல்லாரும் நினைக்கறா. உள்ள வந்து பாருங்கோ, பதில் இல்லைங்கறதுதான் ரகசியம்.”

துரைராஜ் எதிரே இருந்த ஃபைலைப் பார்த்தார்.

“நீங்க கமிட்டில இருக்கேள். பொறுப்பானவர். அதனாலதான் சொன்னேன். வெளியில தெரிஞ்சா எங்கேர்ந்து போச்சுன்னு பார்ப்பா. ஏப்ரல்ல உங்க டேர்ம் முடியறது, இல்லையா? செப்டம்பர்ல நியூயார்க் போற குழுவுக்குக்கூட உங்க பேர் அடிபடறதாக் கேள்வி.”

அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது துரைராஜின் நெஞ்சுக்குள் துக்கமும் பெருமிதமும் ஒரே நேரத்தில் கிளம்பின. பெருமிதம்தான் முதலில் மேலே வந்து சேர்ந்தது. குழுவில் இத்தனை வருஷம் உட்கார்ந்தும் அவருக்கு வெளிவிவகாரம் தெரிந்தது காலைப் பத்திரிகை வழியாகத்தான். இன்றைக்கு முதன்முறையாக ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ரகசியத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த ரகசியம் கிறிஸ்மஸ் நாடகத்தில் யோசேப்பாக நின்ற ஒரு பிள்ளையின் உயிர் என்பது படியிறங்கும்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது.

*

ஊர் திரும்பியதும் யூனிஸிடம் சொல்லிவிட்டார். மனைவியிடம் சொல்வது வெளியில் சொல்வதில் சேராது என்பது அவர் கணக்கு. யூனிஸ் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணக்கு வேறு.

“இருபத்தொண்ணாம் தேதிக்குள்ள அவங்களுக்குத் தெரியணும். தெரியாட்டி அந்த மனுஷன் கையெழுத்துப் போட்டுருவாரு.”

“தெரியும்மா. சனிக்கிழமை ஏதோ ஜெபக்கூட்டம்னு கூப்பிட்டிருக்காங்க. அங்கேயே தனியாக் கூப்பிட்டு, பக்குவமா...”

“பக்குவம் எல்லாம் வேணாம். உங்க பக்குவம் ஒண்ணரை மணி நேரம் ஓடும். ‘டேவிட்சன் இல்லை, சின்னவனை அனுப்பாதீங்க.’ இவ்வளவுதான். திரும்பச் சொல்லுங்க பாப்போம்.”

“என்ன, ஸ்கூல் பிள்ளை மாதிரி.”

“சொல்லுங்க.”

சொன்னார். காரில் மல்காஜ்கிரி போகும் வழியெல்லாம் தனக்குள் சொல்லிக்கொண்டே போனார். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முழுவதும் கடந்து போகும்வரை அந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நாக்குக்குப் பழக்கமில்லாத நீளம். இத்தனை சின்ன வாக்கியத்தை அவர் முப்பது வருஷப் பொதுவாழ்க்கையில் பேசியதில்லை.

தேவசகாயத்தின் தெருவுக்குள் கார் திரும்பியதும் அந்த வாக்கியத்தை நடுவில் நிறுத்திவிட்டார். ஷாமியானா போட்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளில் ஐம்பது அறுபது பேர். வாசலில் எலுமிச்சைச் சாறு கலக்கிக்கொண்டிருந்தார்கள். கதவருகே எலிசபெத் கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் சபைச் செயலாளருமான ஞானாபரணம் மாலையோடு ஓடிவந்தார்.

“வாங்க சார், வாங்க! ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு நீங்க இல்லாம எப்படி?”

“ஸ்தோத்திரமா? எதுக்கு நன்றி சொல்றீங்க?”

“தன்னடக்கத்தைப் பாருங்கய்யா!” ஞானாபரணம் கூட்டத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். “செய்தியை அனுப்பிட்டு எதுக்குன்னு கேக்குறாரு.”

மேஜைமேல், வேதப்புத்தகத்துக்கும் பூச்சாடிக்கும் நடுவில் அந்தக் கடிதம் இருந்தது. மூன்று சிங்கம் பொறித்த தாள். அடியில் அவருடைய கையெழுத்து. துரைராஜ் எடுத்துப் படித்தார்.

உலகநாதனிடம் அச்சடித்த பதில்கள் கட்டுக்கட்டாக இருந்தன. கேஸ் இணைப்பு, டெலிபோன், ரயிலில் படுக்கை, கல்லூரியில் இடம் என்று எதைக் கேட்டு எவர் எழுதினாலும் ஒரே பதில் போகும். பெயரை மட்டும் மேலே டைப் அடிப்பார். கட்டுக்கு ஐந்நூறு தாளில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைப்பது துரைராஜின் வழக்கம். ‘தங்கள் விஷயம் மிக உயர்ந்த இடத்தில் எடுத்துச் சொல்லப்பட்டுள்ளது. சாதகமான செய்தியை விரைவில் எதிர்பார்க்கலாம்.’ தேவசகாயத்துக்கும் அதுவே போயிருந்தது. கேஸ் சிலிண்டருக்குச் சொல்லும் ஆறுதலை, உலகநாதன் காணாமல்போன சிப்பாய்க்கும் சொல்லிவிட்டிருந்தார். ஞானாபரணம் அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் தமிழாக்கி வாசித்திருந்தார். சபை எழுந்து நின்று பாடியிருந்தது.

“டெல்லிக்குப் போறதுக்கு முன்னாலயே இவ்ளோ சொல்லியிருக்கீங்கன்னா, போயிட்டு வந்து இன்னும் சொல்லுவீங்க” என்றாள் எலிசபெத். அவள் அவருடைய கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். “கதவைத் திறந்தே வச்சிருக்கேன் சார். போஸ்ட்மேனுக்கு நேத்து காப்பி குடுத்தேன்.”

அந்தக் கை சூடாக இருந்தது. துரைராஜ் “அம்மா” என்றார். அதற்குள் ஞானாபரணம் அவரை மைக்குக்கு நகர்த்திவிட்டார்.

மைக்கின் முன்னால் நின்றதும் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவருக்குத் தெரிந்த இடம் அது ஒன்றுதான். சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார். எல்லோருக்கும் முன்னால், ஒரேயடியாக.

“அன்பார்ந்தவர்களே, நான் டெல்லியிலிருந்து ஒரு செய்தியோடு வந்திருக்கிறேன்.”

கைதட்டல் எழுந்தது. அடங்கக் காத்திருந்தார்.

“அது எளிதான செய்தி அல்ல.”

கைதட்டல் நின்றது. எலிசபெத் புடவைத் தலைப்பை வாயருகே கொண்டுபோனாள். தேவசகாயத்தின் சட்டைப்பையில் அந்தக் கையெழுத்துப் படிவம் துருத்திக்கொண்டு தெரிந்தது.

“போர் என்று வந்துவிட்டால்...”

“மன்னிக்கணும் சார்.” ஞானாபரணம் பணிவாக எழுந்தார். “போர் இல்லையே. அமைதிப் பணி. போன ஆகஸ்டுல நம்ம மண்டபத்துல நீங்கதான் அழுத்திச் சொன்னீங்க. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.”

சிரிப்பு. பின்வரிசையிலிருந்து பட்டறைத் தோழர் ஒருவர் எழுந்தார். “சார், போரோ அமைதியோ, நம்ம பசங்க அங்க யாரோட சார் அடிச்சுக்கறாங்க? என் மச்சான் தூத்துக்குடியிலேர்ந்து எழுதுறான், தமிழ் சனங்களே நம்மாளுங்களைப் பாத்தா கதவைச் சாத்துறாங்களாமே? ஹவ்வா, நையா? ஆமாவா, இல்லையா, சொல்லுங்க.”

“உக்காருங்க பிரதர்! இது ஸ்தோத்திரக் கூட்டம். அரசியல் மேடை இல்ல!”

“கேட்டா என்னய்யா தப்பு? எம்.பி.தானே!”

“உக்காருய்யா!”

துரைராஜ் அந்தத் தோழரைப் பார்த்தார். யார் சுட்டான் என்பது வந்துவிட்டது. அடுத்தது எதற்குப் போனோம் என்பது. பத்மநாபன் மேஜையில் பதிலில்லாத அந்தக் கேள்வி, மல்காஜ்கிரி ஷாமியானாவுக்குக் கீழே, அறுபது பேர் முன்னால் வரப்போகிறது. அதற்குப் பின்னால் பத்திரிகை. பத்திரிகைக்குப் பின்னால் ஏப்ரல். அபிட்ஸ் கடையில் நியூயார்க்குக்கென்று தைக்கக் கொடுத்திருந்த கோட்டும் ஒரு கணம் கண்முன் வந்து போனது. வெட்கத்தோடு அதைத் தள்ளினார். அது போகவில்லை.

“ஒரு நல்ல கேள்வி கேட்டார் நண்பர்” என்று ஆரம்பித்தார். “நான் ஜெனீவாவில் இருந்தபோது...”

நாற்பது நிமிஷம் பேசினார். அசோகச் சக்கரவர்த்தி வந்தார். நல்ல சமாரியன் வந்தான். இமயமலையும் இந்துமகா சமுத்திரமும் வந்தன. ‘டேவிட்சன் இருக்கிறான்’ என்றும் சொல்லவில்லை, ‘இல்லை’ என்றும் சொல்லவில்லை. ஓரிடத்தில் அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. அப்போது எல்லோரும் அழுதார்கள். அவர் பேசியதிலேயே சிறந்த பேச்சு என்று ஞானாபரணம் சொன்னார்.

பேச்சு முடிந்து எல்லோரும் பன்னும் மிக்ஸரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தேவசகாயம் அவரை வீட்டுக்குள் அழைத்துப்போனார். உள்ளறையில் கட்டில்மேல் படிவத்தை விரித்தார். எட்வர்ட் பேனாவோடு நின்றான்.

“பேச்சு ரொம்ப நல்லாருந்துச்சு சார். எனக்குப் பாதி புரியல. நான் படிச்சது அவ்ளோதான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “மேடையில சொல்ல முடியாதது இருக்கும். இங்க நாமதான். போடவா, வேணாமா?”

வெளியே எலிசபெத் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது. நவம்பருக்குப் பிறகு அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவை என்று யாரோ சொன்னார்கள்.

துரைராஜ் வாயைத் திறந்தார். ரயில்வே கேட்டில் பழகிய வாக்கியம் தொண்டைவரை வந்தது.

“பிரதர்... அரசாங்கம் இதுவரைக்கும் அவனை இறந்ததா அறிவிக்கலை. அதுதான் இன்னிக்கு நிலைமை. அதை மட்டும் என்னால உறுதியாச் சொல்ல முடியும்.”

ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. நீதிமன்றத்தில் சத்தியம் செய்யலாம்.

தேவசகாயம் நீண்ட மூச்சு விட்டார். “இது போதும் சார். எம்.பி. வாயால உறுதின்னு வந்துருச்சு.” அவர் கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு, பட்டறையில் சம்பளப் பதிவேட்டில் போடுவதுபோல் ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். எட்வர்ட் துரைராஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பையனின் தாடை அவருடைய தலைக்குமேல் இருந்தது.

“தேங்க்யூ அங்கிள். அண்ணாகூட ஒரே யூனிட் கிடைக்குமா, கொஞ்சம் கேளுங்களேன்.”

*

“சொன்னீங்களா?” யூனிஸ் கதவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

“சூழ்நிலை சரியில்லை.”

“நாக்கு சரியா இருந்துச்சா?”

அவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அவள் அதற்குப்பின் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், தானே மல்காஜ்கிரிக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். அவர் அவள் காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். பத்மநாபனின் வேலை போய்விடும் என்றார். தேசத்தின் ரகசியம் என்றார். நானே வியாழக்கிழமை போய்ச் சொல்கிறேன் என்றார். யூனிஸ் உட்கார்ந்துவிட்டாள். அந்த வியாழனும் அடுத்த வியாழனும் போயின. ஒருநாள் பட்டறைக்கு டெலிபோன் செய்தார். தேவசகாயத்தைக் கூப்பிட்டு வர ஆள் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்த மூன்று நிமிஷத்தில், நேரில் சொல்வதுதான் மரியாதை என்று தோன்றிவிட்டது. ரிசீவரை வைத்துவிட்டார்.

இருபத்தொன்றாம் தேதி எட்வர்ட் ஜபல்பூரில் இறங்கினான். அந்த வாரமே ராஜ்யசபைக்கான பெயர்ப் பட்டியல் வந்தது. அதில் ஐசக் துரைராஜ் இல்லை. ஏன் இல்லை என்று டெல்லியில் கேட்டார். அவர் விஷயம் மிக உயர்ந்த இடத்தில் இருப்பதாகச் சொன்னார்கள்.

இனி அவருக்கு இழக்க ஒன்றும் இல்லை. தாராளமாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போது சொன்னால் இவ்வளவு நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முன்பு தடுத்தது பதவி. இப்போது தடுத்தது மானம். மானம் பதவியைவிடக் கெட்டியாக இருந்தது.

மே மாதம் செஷன் முடிந்தது. ஒன்பதாம் நாள் எலிசபெத் திறந்து வைத்திருந்த கதவு வழியாகவே தந்தி உள்ளே வந்தது. டேவிட்சன் சென்ற அக்டோபரில் வீரமரணம் எய்தினான் என்று தேதியோடு இருந்தது.

தேவசகாயம் அழுததாக யாரும் சொல்லவில்லை. இளைய மகனைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவரே ஒரு மனு எழுதி ஜபல்பூருக்கு அனுப்பினார். பெற்றோரின் சம்மதக் கையெழுத்து முறைப்படி இருப்பதால் விடுவிக்க வழியில்லை என்று பதில் வந்தது. எலிசபெத் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். செத்த பிள்ளைக்கு ஸ்தோத்திரம் சொன்னவள் நான் என்று மட்டும் ஒருமுறை சொன்னாளாம்.

சபை டேவிட்சனுக்கு ஒரு நினைவுக்கல் வைக்கத் தீர்மானித்தது. கல் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. அதில் பொறிக்க வேண்டிய வாசகத்துக்குக் கமிட்டி எட்டு மாதம் கூடியது. ‘போரில்’ என்று போடக்கூடாது என்றார் ஞானாபரணம். ‘அமைதிப் பணியில்’ என்றால் எப்படிச் செத்தான் என்று பின்னால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்றார் இன்னொருவர். ‘எதிரிகளால்’ என்று போட்டால் எதிரி யார் என்ற பேச்சு வரும். கடைசியில் பெயரையும் இரண்டு தேதிகளையும் பொறித்து, நடுவில் ஒரு சிலுவை போட்டார்கள்.

எண்பத்தொன்பது பிப்ரவரியில் கோயிலுக்குள் கல் திறப்பு. திறக்க முன்னாள் எம்.பி.யைக் கூப்பிட்டார்கள். வர மறுக்கக் காரணம் தேடித் தோற்று, துரைராஜ் வந்தார். யூனிஸ் வரவில்லை.

முதல்வரிசையில் தேவசகாயம் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் விறைப்பான பச்சைச் சீருடையில் எட்வர்ட். பயிற்சி முடிந்து பத்துநாள் விடுமுறை. காலடியில் பெயர் எழுதிய இரும்புப் பெட்டி. அன்று சாயங்காலமே சென்னைக்கு வண்டி. அங்கிருந்து கப்பல் எந்தப் பக்கம் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

துரைராஜ் திரையை விலக்கினார். பேச எழுதிக் கொண்டுவந்த தாளை விரித்தார். அந்தப் பையனின் மழித்த கன்னத்தைப் பார்த்ததும் தாள் மங்கிவிட்டது. மடித்து வைத்தார்.

“டேவிட்சன் இறந்தது எனக்குப் போன வருஷம் பிப்ரவரியிலேயே தெரியும்” என்றார்.

துரைராஜ் முப்பது வருஷத்தில் முதன்முறையாக, அடுத்த வாக்கியம் என்னவென்று தெரியாமல் நின்றார்.

தேவசகாயம் மெல்ல எழுந்தார். “நான் கையெழுத்துப் போட்ட அன்னிக்கும் தெரியுமா சார்?”

“தெரியும்.”

தேவசகாயம் தலையை ஆட்டினார். ஏதோ ஒரு அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்ட ஃபிட்டரைப் போல. பிறகு குனிந்து பெட்டியின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தார். “வாடா. வண்டிக்கு நேரமாச்சு.” எட்வர்ட் மறுபக்கத்தைப் பிடித்தான். அவன் துரைராஜைத் திரும்பிப் பார்த்தான். கோபம்கூட இல்லை, என்ன நடந்தது என்று இன்னும் புரிந்துகொள்ளாத முகம். இருவரும் நடுப்பாதையில் நடந்து வெளியே போனார்கள். பெட்டி ஒரு பெஞ்சில் இடித்த சத்தம் கேட்டது.

துரைராஜ் தன்மேல் கல் விழும் என்று எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசையோடுதான் எதிர்பார்த்தார்.

ஞானாபரணம் எழுந்தார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டார்.

“சபையாரே, கேட்டீங்களா? இவ்வளவு பெரிய துக்கத்தை, தேசத்துக்காக, மூணு மாசம் தன் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வச்சிருந்தாரு இந்த மனுஷன். பெத்தவங்க முகத்தைப் பாத்துக்கிட்டே! நம்மில் யாருக்கு முடியும்?”

யாரோ ஒருவர் ஆமென் என்றார். இன்னொருவரும் சொன்னார். ஒரு கிழவி எழுந்துவந்து துரைராஜின் கையைப் பிடித்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. அவர் இல்லை இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அது தன்னடக்கமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார்கள்.

பன்னிரண்டாவது ஆளோ பதிமூன்றாவது ஆளோ கையைக் குலுக்கும்போது, ‘தெரியும்’ என்று சொல்வதற்கு முன்னால் சற்று நிறுத்தி, கண்ணை மூடியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று துரைராஜுக்குத் தோன்றியது. திருமலகிரியில் சிப்பாய்களின் மனைவிமார்களுக்கு அடுத்த வாரம் ஒரு கூட்டம் இருந்தது.